சனியின் நிலவுகளுக்கு யாரும் சாயம் பூசவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் சனிக் கோளின் பனி நிலவுகளைப் பற்றி வந்த கட்டுரையின் கடைசிப் பத்தியில், அங்கே போய்ச் சுற்றிய காசினி விண்கலத்தைப் பற்றி ஒரு வரி இருந்தது. "காசினி அனுப்பியது வெறும் கறுப்பு வெள்ளைப் படங்கள்தான், நாம் பார்க்கும் நிறமெல்லாம் பிறகு கம்ப்யூட்டரில் பூசப்பட்ட சாயம்" என்று. இந்த வரியின் முதல் பாதி உண்மை, இரண்டாம் பாதி பொய். உண்மைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் பொய்யும் உண்மை மாதிரி ஆகிவிட்டது. எட்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி அதைப் படித்துவிட்டு "அப்போ எல்லாம் டூப்பா தாத்தா?" என்று கேட்டாள். அவள் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் படங்களைத்தான் கேட்கிறாள் என்று புரிந்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் கேமரா அறையில் வேலை பார்த்தவன். ஸ்கேனரும் கம்ப்யூட்டரும் வருவதற்கு முன்னால் ஒரு கலர் படம் எப்படி அச்சுக்குப் போனது என்று உங்களுக்குத் தெரியாததல்ல. அதே படத்தைச் சிவப்பு ஃபில்டர் போட்டு ஒரு தடவை எடுத்தால் சயான் என்னும் வெளிர்நீல மைக்கான பிளேட்டின் நெகட்டிவ், பச்சை ஃபில்டர் போட்டால் மெஜந்தா என்னும் கருஞ்சிவப்பு மைக்கு, நீலம் போட்டால் மஞ்சளுக்கு. கையில் வரும் ஃபிலிம் ஒவ்வொன்றும் கறுப்பு வெள்ளைதான். அதற்காக அந்தப் படத்தின் நிறத்தை நாங்கள் இட்டுக்கட்டினோம் என்று ஆகிவிடுமா? உங்கள் பத்திரிகையின் முதல் பக்கமே இன்றைக்கும் இந்த மூன்றோடு கறுப்பும் சேர்த்து நான்கு பிளேட்டில்தான் ஓடுகிறது. அந்தப் பக்கத்தில் வரும் முதலமைச்சர் படத்துக்குச் சாயம் பூசியிருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதுவதில்லை.

காசினியில் நடந்ததும் இதேதான். அதில் இரண்டு கேமராக்கள். தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் கேமராவில் 24 ஃபில்டர்கள், அகலமாக எடுக்கும் கேமராவில் 18. சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒன்றன்பின் ஒன்றாக மூன்று படம் எடுத்து அனுப்பும், இங்கே அவற்றை ஒன்றின்மேல் ஒன்று வைத்துச் சேர்ப்பார்கள். புற ஊதா, அகச்சிவப்பு ஃபில்டர்களும் உண்டு. அவற்றில் எடுத்ததைச் சேர்க்கும்போது நம் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் தெரியும். சனியின் நிலவுகளில் ஒன்றான என்செலடஸின் தென் துருவத்தில் உள்ள நான்கு பெரிய வெடிப்புகள் அந்த மாதிரிப் படங்களில் நீலமாகத் தெரிவது அங்கே பனித்துகள்கள் பெரிதாக இருப்பதால்தான். அந்த நீலம் ஒரு தகவல். அப்படி எடுத்த படத்தை வெளியிடும்போது நிறம் கூட்டிக் காட்டப்பட்டிருக்கிறது என்று நாசா கீழேயே எழுதிவிடுகிறது. அந்த வரியைத்தான் உங்கள் ஆட்கள் ஒவ்வொரு தடவையும் வெட்டிவிடுகிறார்கள்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே செய்து பார்க்கலாம். காசினி அனுப்பிய படங்களை வந்த கையோடு அப்படியே பொதுமக்கள் பார்வைக்கு இணையத்தில் போட்டு வைத்தார்கள், காசு கிடையாது, அனுமதி கேட்க வேண்டியதில்லை. நானும் பேத்தியும் ரியா நிலவின் படங்கள் மூன்றை இறக்கிச் சேர்த்தோம். முதலில் ஓரத்தில் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமாகக் கோடு விழுந்தது. பார்த்தவுடனே எனக்கு விளங்கிவிட்டது, ரெஜிஸ்டர் தள்ளியிருக்கிறது, அதாவது நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. முருகன் காலண்டரில் பிளேட் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் வேலின் ஓரத்தில் இதே நிழல் வரும், எத்தனை ரீம் தாள் அப்படி வீணாகிப் போயிருக்கிறது. அங்கே பிளேட் நகர்ந்தது, இங்கே நகர்ந்தது நிலவும் விண்கலமும். ஒரு ஃபில்டருக்கும் அடுத்த ஃபில்டருக்கும் நடுவில் இரண்டும் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. படங்களை நகர்த்திப் பொருத்தியதும் கோடு மறைந்து, லேசாகப் பழுப்பு ஓடிய சாம்பல் நிற உருண்டை வந்து நின்றது. ஆடம்பரமான நிறம் ஒன்றுமில்லை. சாயம் பூசுகிறவன் இவ்வளவு மங்கலாகவா பூசுவான்?

இந்தப் படங்களுக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்பதற்குக் கட்டுரையில் ஒரு வரி இடம் இல்லை. சனிக்கு அருகில் வெயில் இங்கே இருப்பதில் தொண்ணூறில் ஒரு பங்குதான். கேமராவைத் தனியாகத் திருப்ப முடியாது, விண்கலம் மொத்தமும் திரும்ப வேண்டும், எடுத்து முடித்ததும் பூமி பக்கம் ஆன்டெனாவைத் திருப்பி அனுப்ப வேண்டும். சிக்னல் வந்து சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்லியாக வேண்டும். 2008 ஆகஸ்டில் என்செலடஸுக்கு மிக அருகில் போனபோது அந்த நிலவு மணிக்கு சுமார் 64,000 கி.மீ. வேகத்தில் கடந்தது. அந்த வேகத்துக்குக் கேமராவைத் திருப்பவே முடியாது, படம் கலங்கிவிடும். அதனால் நிலவு வரப்போகும் வழியில் கலத்தை முன்கூட்டியே சுழலவிட்டு, நிலவு குறுக்கே போகிற அந்த நேரத்தில் எடுத்தார்கள். வெடிப்புகளின் ஓரத்தில் கிடக்கும் பனிப்பாறைகள் வரை தெரிந்தன. அதற்கும் முன்னால், 2001-ல், சனிக்குப் போய்ச் சேருவதற்குள்ளேயே கேமராவில் மங்கல் படிந்து, நட்சத்திரத்தைப் படம் எடுத்தால் சுற்றிலும் புகை மாதிரி தெரிந்தது. மைனஸ் 90 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய கேமராவை மாதக்கணக்கில் அவ்வப்போது சூடேற்றி அதைச் சரிசெய்தார்கள். லென்ஸில் பூஞ்சை பிடித்தால் துடைப்பதற்கு ஆள் தேடி மதுரைக்கு ஓடிய எனக்கு அதைப் படித்தபோது நெஞ்சு நிறைந்துபோனது.

சரி, ஒரு வரியோடு போயிருந்தால் நானும் விட்டிருப்பேன். உங்கள் பத்திரிகையில் இது புதிதல்ல. சில வருடங்களுக்கு முன் என்செலடஸிலிருந்து பனித்துகள்கள் பீய்ச்சி அடிப்பது பற்றிச் செய்தி போட்டு, பக்கத்தில் "காசினி எடுத்த புகைப்படம்" என்று ஒரு படம் வைத்தீர்கள். அந்தப் படத்தில் காசினியே தெரிந்தது! விண்கலத்தை யார் வெளியே நின்று படம் எடுத்தது? அது ஓவியம். ஓவியத்தைப் புகைப்படம் என்று போடுகிறீர்கள், புகைப்படத்தைச் சாயம் பூசியது என்கிறீர்கள், படிக்கிறவன் எதை நம்புவான்? உண்மையான படம் ஒன்று இருந்தது. 2005 நவம்பரில் எடுத்தது. சூரியன் நிலவுக்குப் பின்னால் இருக்கும்படி காத்திருந்து எடுத்தார்கள், ஓட்டு இடுக்கு வழியாக வரும் வெயிலில் தூசி தெரிவதுபோல அந்தத் துகள்கள் தெரிவது அப்போதுதான். 504 கி.மீ. அகலமே உள்ள ஒரு நிலவு, அதன் பனி ஓட்டுக்கு அடியில் கடல் இருக்கிறது என்று பின்னால் நிரூபணமானது, அதற்கு முதல் சாட்சிகளில் ஒன்று அந்தக் கறுப்பு வெள்ளைப் படம். அதை உங்கள் பத்திரிகையில் நான் இன்றுவரை பார்க்கவில்லை.

அப்புறம், 2017. செப்டம்பர் 15-ல் காசினி சனியின் காற்று மண்டலத்துக்குள் விழுந்து எரிந்து முடிந்தது, 13 வருடம் அங்கே சுற்றிய பிறகு. உங்கள் பத்திரிகையில் எட்டாம் பக்கத்தில் நான்கு வரி. அதே வருடம் டிசம்பரில் சனிப்பெயர்ச்சி மலர் போட்டீர்கள். மலர் போடுவதில் எனக்கு வருத்தமில்லை, என் வீட்டிலேயே திருநள்ளாறு போய்விட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அட்டையில் இருந்தது காசினி 2013 ஜூலை 19 அன்று எடுத்த படம். சூரியனைச் சனி மறைத்திருக்க, 141 படங்களைச் சேர்த்து உருவானது. அதில் வளையங்களுக்குக் கீழே வலப்பக்கம் ஒரு சின்னப் புள்ளியாகப் பூமி இருக்கிறது, நாமெல்லாரும் அதற்குள் இருக்கிறோம். சரியாக அந்த இடத்தில் ராசிக் கட்டத்தை வைத்திருந்தீர்கள். எடுத்தது யார் என்று ஒரு எழுத்து கூட இல்லை. அன்றைக்கும் ஒரு கடிதம் எழுதினேன். மூன்று பக்கக் கடிதத்தில் "மலர் அருமை" என்ற இரண்டு சொற்களை மட்டும் எடுத்து என் பெயரோடு வெளியிட்டீர்கள். அதை வெட்டிக்கூட வைக்கவில்லை, மனம் வரவில்லை.

வாசகன் பாமரன், இவ்வளவு விவரம் அவனுக்கு எதற்கு என்று உங்கள் அலுவலகத்தில் நினைக்கிறார்களோ என்னவோ. அச்சக வேலைக்காரனுக்கு விளங்குகிறது, எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கும் விளங்குகிறது. இத்தனை வருடமாக வரி விடாமல் படிக்கிறவர்களை நீங்கள் இப்படிக் குறைவாக எடைபோடுவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். இனி விண்வெளிப் படம் எது போட்டாலும் அடியில் ஒரே ஒரு வரி போடுங்கள். எந்தக் கலம், எந்தத் தேதி, புகைப்படமா ஓவியமா, நிறம் கூட்டியதா இயல்பானதா. படத்தோடு அந்த விவரம் சேர்ந்தேதான் வருகிறது, அப்படியே தமிழில் போட்டால் போதும். முடிந்தால் வரும் ஞாயிறு அந்த 2005 நவம்பர் படத்தை வெளியிடுங்கள். மை கொஞ்சம் குறைவாக ஓட விடச் சொல்லுங்கள், நியூஸ்பிரிண்டில் கறுப்பு பரவினால் அந்த மெல்லிய பீச்சல் மறைந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சகத் தொழிலாளி,
சிவகாசி.