ஜிலேபி கெண்டையின் சாட்சி போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில மாதங்களுக்கு முன் உறவுக்காரப் பையன் ஒருவன் வேலை செய்யும் ஆலைக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். சுத்திகரித்த கழிவுநீர் வெளியேறும் இடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் ஏழெட்டு ஜிலேபி கெண்டை. "பாருங்க சார், மீனே நீந்துது" என்று பெருமையாகக் காட்டினார்கள். தொட்டிக்குள் காற்றுக் குழாய் கொப்பளித்துக்கொண்டிருந்தது. திரும்பும்போது வாசலில் இருந்த காவலாளியிடம் பேச்சுக் கொடுத்தேன். "செத்துச்சுன்னா மார்க்கெட்ல இருந்து வேற வாங்கியாந்து விடுவோம்" என்றார், ஒளிவுமறைவு இல்லாமல்.

ஜிலேபி கெண்டையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் உதவியாளராக இருந்தவன். மீனுக்குத் தண்ணீர் மாற்றுவதுதான் பாதி வேலை. சாக்கடை, உப்புத்தண்ணீர், காற்றுக் குறைந்த குட்டை எதிலும் அது பிழைத்துக்கொள்ளும். அதைச் சாட்சியாக நிறுத்தி நற்சான்று வாங்குவது, எதைக் கேட்டாலும் "சரிங்க" என்பவரைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுவது மாதிரி.

இதை இப்போது எழுதக் காரணம், கிணற்றிலிருந்து இறைத்துச் சுத்தம் செய்து வெளியே விடப்போகும் எங்கள் ராணிப்பேட்டை நிலத்தடி நீர். வெளியூர்க்காரர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கே குரோமியம் அடங்கிய குரோமேட் உப்புகள் தயாரித்த ஆலை ஒன்று 1990களின் நடுவில் மூடப்பட்டது. ஆட்கள் போய்விட்டார்கள், கழிவு போகவில்லை. ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாமல் குவிந்து கிடந்தது. மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சளாகக் கசியும். 2006-ல் பிளாக்ஸ்மித் என்ற அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு உலகில் மிக மோசமாக மாசுபட்ட 10 இடங்களைப் பட்டியல் போட்டபோது, அணு உலை வெடித்த செர்னோபிலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பெயரும் இருந்தது. 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் சொன்னதும் எங்கள் பகுதித் தோல் ஆலைகள் தொடர்பான வழக்கில்தான்.

குரோமியத்தில் இரண்டு ரகம் முக்கியம். தோல் பதனிடப் பயன்படுத்துவது மூன்று இணைதிறன் கொண்டது. அது பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். கழிவுக் குவியலிலிருந்து வருவது ஆறு இணைதிறன் கொண்டது. அது மண்ணில் அவ்வளவாக ஒட்டாமல் தண்ணீரோடு தண்ணீராக ஓடும். உடலுக்கு மிகக் கெடுதல். ஆகவே இந்த நீரைச் சுத்தம் செய்வதென்றால், ஆறை மூன்றாக்கிப் படிய வைப்பதுதான் அடிப்படை வேலை. முடியாத காரியமில்லை. நம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த அதே 1996-ல், அமெரிக்காவின் வட கரோலினாவில் முலாம் பூசும் பட்டறையால் கெட்டுப்போன நிலத்தடி நீரின் வழியில் 46 மீட்டர் நீளத்துக்குப் பள்ளம் தோண்டி, இரும்புத் துகளை நிரப்பி மண்ணுக்கடியில் ஒரு சுவரே கட்டினார்கள். தண்ணீர் அதன் ஊடே நடந்து போகிறபோதே குரோமியம் படிந்துவிடுகிறது.

சரி, படிந்தபின் என்ன? அங்கேதான் என் சந்தேகம்.

வேலையில் இருந்தபோது ஒரு மாணவன் மஞ்சள் கிணற்றுத் தண்ணீரை கேனில் கொண்டுவந்தான். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி வாங்கிவரச் சொன்னேன். வேதியியலில் அதற்குப் பெயர் ஃபெரஸ் சல்பேட். கைக்கணக்காகப் போட்டுக் கலக்கினோம். மஞ்சள் போனது, பழுப்பாகக் கசடு இறங்கியது, மேலே தெளிந்த தண்ணீர். வேதியியல் துறையில் டைஃபீனைல்கார்பசைடு விட்டுப் பார்த்தார்கள். ஆறு இணைதிறன் குரோமியம் இருந்தால் செவ்வூதா நிறம் வரும். வரவில்லை. பையன் கைதட்டினான். நான் அந்தத் தண்ணீரில் இருபது டாஃப்னியாக்களை விட்டேன். கடுகைவிடச் சிறியவை, குளத்து நீரில் துள்ளித் துள்ளி நீந்துமே, அந்த நீர்த்தெள்ளு. மறுநாள் காலையில் அத்தனையும் அடியில் கிடந்தன.

காரணத்தைப் பிறகு கண்டுபிடித்தோம். அன்னபேதி கூடிப்போய்த் தண்ணீர் புளித்து அமிலமாகிவிட்டது. மிச்சமிருந்த இரும்பு, நீரிலிருந்த ஆக்சிஜனைக் குடித்துவிட்டது. கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்து, ஒரு நாள் காற்றடிக்க விட்டு, வடிகட்டி, மறுபடி விட்டோம். துள்ளின. குரோமியப் பரிசோதனை இரண்டு முறையும் ஒரே பதிலைத்தான் சொன்னது. வித்தியாசத்தைச் சொன்னது பூச்சி.

இது எங்கள் கைப்பிழை மட்டுமல்ல. கலிஃபோர்னியாவில் ஹிங்க்லி என்ற ஊரில் இதே விஷத்தை அடக்க நிலத்துக்கடியில் எத்தனால் செலுத்துகிறார்கள். அதனால் குரோமியம் குறையும், ஆனால் மண்ணில் சும்மா கிடந்த மாங்கனீசு கரைந்து வெளியே வரும். அதற்கும் தனியாகக் காவல் வைக்க வேண்டியிருக்கிறது. ஒன்றை அடக்கினால் இன்னொன்று எழும்பலாம். எது எழும்பும் என்று முன்கூட்டியே தெரியாதபோது எந்தப் பரிசோதனையைக் கேட்பீர்கள்? மொத்தமாகச் சேர்த்துச் சொல்ல ஓர் உயிர்தான் வேண்டும்.

நம் சட்டத்துக்கு இது தெரியாததல்ல. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில், நீர்த்துப்போகச் செய்யாத கழிவுநீரில் மீன்களை 96 மணி நேரம் வைத்தால் 90 சதவீதம் பிழைக்க வேண்டும் என்று இருக்கிறது. பத்து விட்டால் ஒன்பது. ஆலை வெளியேற்றும் நீருக்கான விதி அது. கிணற்றிலிருந்து இறைத்துச் சுத்தம் செய்து பாலாற்றுப் பக்கம் விடப்போகும் நீருக்கும் அதைப் பொருத்துங்கள் என்பதே என் கோரிக்கை. கூடவே 48 மணி நேர டாஃப்னியா சோதனையும் வேண்டும். மீன் மட்டும் போதாது, குறிப்பாக எங்கள் ஊருக்கு. லிட்டருக்குப் பல மில்லிகிராம் ஆறு இணைதிறன் குரோமியத்தை மீன் நான்கு நாள் தாங்கிவிடும், நீர்த்தெள்ளு தாங்காது. உலகெங்கும் ஆய்வகங்களில் தங்கள் டாஃப்னியா ஆரோக்கியமாக இருக்கிறதா என்று சரிபார்க்கவே, ஆறு இணைதிறன் குரோமிய உப்பான பொட்டாசியம் டைகுரோமேட் கொடுத்துப் பார்க்கிறார்கள். லிட்டருக்கு 0.6 முதல் 2.1 மில்லிகிராமுக்குள் 24 மணி நேரத்தில் பாதி முடங்கினால்தான் அந்த இனம் நம்பகமானது. ஆக, எங்கள் ஊர் விஷத்தைக் கண்டுபிடிக்க இதைவிடப் பொருத்தமான பூச்சி கிடைக்காது.

செலவு என்று சாக்குச் சொல்ல இடமில்லை. பிறந்து ஒரு நாள் ஆகாத குஞ்சுகள் இருபது, நான்கு பீக்கர், ஒரு கைவிளக்கு. மெல்ல ஆட்டிவிட்டு 15 விநாடிக்குள் நீந்தாதவற்றை எண்ண வேண்டும். இளநிலை முதலாண்டுப் பெண் பிள்ளைகள் என்னைவிடச் சரியாக எண்ணுவார்கள்.

எப்போது எடுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மே மாதம் மட்டும் எடுத்தால் நல்ல முடிவு வரலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு, நீர்மட்டம் ஏறிக் குவியலிலிருந்து புதிதாகக் கசிவு இறங்கும் நேரத்தில் கட்டாயம் எடுக்க வேண்டும். முடிவை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டட்டும். குவியல் அங்கேயே இருக்கும் வரை இறைப்பதும் ஊறுவதும் ஓயாது என்பது தனிக் கதை; அதற்கு இன்னொரு கடிதம் வேண்டும்.

வீட்டுக் கொல்லையில் ஒரு சிமெண்டுத் தொட்டியில் இன்றும் டாஃப்னியா வளர்க்கிறேன். பேரனின் வண்ண மீன்களுக்குத் தீனி போக நிறையவே மிஞ்சுகிறது. சோதனை செய்ய முன்வரும் கல்லூரியோ அதிகாரியோ யாராக இருந்தாலும் இலவசமாகத் தருகிறேன். குளோரின் கலக்காத தண்ணீரோடு ஒரு வாளி கொண்டுவந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆய்வக உதவியாளர்,
வாலாஜாபேட்டை.