ஷார்தேனின் பழக்கூடைக்கு ஒரு சுவர்: லூவ்ர் அருங்காட்சியக நிர்வாகத்தினருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர் ஷார்தேன் 1761இல் தீட்டிய காட்டு ஸ்ட்ராபெரிக் கூடை, 2022இல் பாரிஸ் ஏலமொன்றில் 2.4 கோடி யூரோவைத் தாண்டி விலைபோய், அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்றுக்குச் செல்லவிருந்தது. அரசு அதைத் தேசியச் செல்வமாக அறிவித்து ஏற்றுமதியைத் தடுத்ததும், நீங்கள் பொதுமக்களிடமும் நன்கொடை திரட்டி அதை வாங்கியதும் பாராட்டத்தக்கவை. என் விண்ணப்பம் அதை மாட்டிவைக்கும் விதத்தைப் பற்றியது.

அந்தப் படத்தில் எதுவும் நிகழ்வதில்லை. கூடையில் கூம்பாகக் குவிந்த பழங்கள், ஒரு தம்ளர் தண்ணீர், இரண்டு வெள்ளைக் கார்னேஷன் பூக்கள், ஒரு பீச், செர்ரிகள், அவ்வளவே. ஆனால் பழங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டாமல் ஒரே சிவப்புத் திரளாக நிறுத்தி, அதன் சூட்டைத் தண்ணீரின் தெளிவாலும் பூக்களின் வெண்மையாலும் தணித்திருக்கும் நிதானம், அவசரமாகக் கடந்துபோகிறவருக்குப் பிடிபடாது. ஷார்தேனின் படத்தை நெருங்கினால் எல்லாம் கலங்கித் தட்டையாகிவிடும், விலகினால் மீண்டும் உருக்கொள்ளும் என்று அவர் காலத்து எழுத்தாளரும் கலை விமர்சகருமான தீதரோ 1763இல் எழுதினார். நெருங்கவும் விலகவும் இடமில்லாத சுவரில், அரை மீட்டர் அகலம்கூட இல்லாத இப்படம் விலையுயர்ந்த பொருளாக மட்டுமே எஞ்சும். ஆகவே விளக்கப் பலகையில் அந்த விலையை எழுதாதிருக்க வேண்டுகிறேன்.

அதன் பக்கத்திலேயே, உங்களிடமுள்ள அவருடைய 'செம்புத் தண்ணீர்க்கலம்' இடம்பெற வேண்டும் என்பது என் இரண்டாவது வேண்டுகோள். உண்மையில், இரண்டில் அதுவே பெரிய படைப்பு என்பேன். மரத்தாங்கியில் நிற்கும், குழாய் வைத்த செம்புக் கலமும் அருகே வாளியுமாக, அடுப்படியின் ஒரு மூலை மட்டுமே அதில் இருக்கிறது. ஆள் யாரும் இல்லை, ஆனாலும் தண்ணீர் பிடிக்க யாரோ வரப்போவது தெரிகிறது. பிரெஞ்சுக் கலைக்கழகம் வரலாற்று ஓவியங்களை உச்சியிலும் அசையாப் பொருள் ஓவியங்களைக் கடைசிப் படியிலும் வைத்திருந்த காலத்தில், 1728இல் விலங்குகளையும் பழங்களையும் வரைபவர் என்ற தகுதியிலேயே உள்ளே அனுமதிக்கப்பட்ட ஷார்தேன், இடையில் மனிதர்களையும் வரைந்தபோதிலும், புழங்கித் தேய்ந்த பாத்திரங்களிடமே திரும்பத் திரும்ப வந்தார்.

1757 முதல் உங்கள் கட்டடத்திலேயே குடியிருந்த ஷார்தேன், அங்கு கலைக்கழகம் நடத்திய 'சலோன்' என்னும் ஓவியக் கண்காட்சிகளில் பிறர் ஓவியங்களை எங்கே மாட்டுவது என்று தீர்மானிக்கும் பொறுப்பையும் பல ஆண்டுகள் வகித்தவர். அவருடைய இவ்விரு படங்களுக்கும் கண்மட்டத்தில், பெரிய புராண ஓவியங்களின் நெருக்கடி இல்லாத ஒரு சுவரையும், எதிரே ஓர் இருக்கையையும் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓவியங்களை விரும்பும் ஒருவன்