மகனுக்கு அப்பா எழுதுறது

மகன், இத கொப்பியில எழுதி நானே போட்டோ புடிச்சி அனுப்புறன். பேர் பாத்து இல்ல, உன்ட மூஞ்சிப் படத்த பாத்துத்தான் அமத்துறன். பிரஷர் செக் பண்ணினியா? நம்மட குடும்பத்து ரத்தம், நீயும் நாப்பதுக்கு கிட்ட வந்திட்டாய்.

மாசியில எனக்கு வந்தத அம்மா லேசான மயக்கம் எண்டுதானே சொன்னா. மயக்கமில்ல. பாரிசவாதம் எண்டா கை கால் இழுக்கும், வாய் கோணும் எண்டுதானே நாம கண்டிரிக்கம், எனக்கு ஒண்டும் இழுக்கல்ல, விடிய எழும்பி பேப்பர விரிச்சா எறும்பு மொய்ச்ச மாதிரி, தமிழா சிங்களமா எண்டே தெரியல்ல. வலப்பக்கம் பார்வையும் இல்ல, கதவு நிலையில ரெண்டு தரம் இடிச்சிட்டன். மறுகா கிளினிக்ல ஒரு சின்ன டொக்டர் விளங்கப்படுத்தினார், பின்மண்டையில இடப்பக்கம் ரத்தக்குழாய் அடைச்சிரிக்காம், மிச்சப் பார்வை வலப்பக்க மூளைக்கு வருதாம், வாசிக்கிற இடம் இடப்பக்கமாம், நடுவால போற பாதையும் பழுதாம். கல்லடிப் பாலம் இல்லாட்டி எப்பிடி டவுனுக்கு போற, அதுதான். எழுத அந்தப் பாலம் தேவையில்லையாம். எழுதிட்டு பாத்தா என்ட எழுத்தே எனக்கு விளங்காது. 1892ல பிரான்ஸில டெஜெரின் எண்ட டொக்டர் இப்பிடி ஒரு வியாபாரியப் பத்தி எழுதி வச்சிரிக்காராம், அந்தாளுக்கு எழுத்து தெரியாதாம், இலக்கம் தெரியுமாம். எனக்கும் லைட் பில்லில காசு தெரியுது, பேர் தெரியா. அந்தாளுக்கு கடைசியில வாசிக்க வந்திச்சா எண்டு நான் கேக்கல்ல.

பிரஷர் பாரு மகன். முந்தியே எழுதிட்டனோ தெரியா, மேல பாத்தும் பிரயோசனமில்ல.

நீ அனுப்பின அந்த நீட்டு மெசேஜ். நான் திறந்தன், நீலச் சரி விழுந்திரிக்கும், அப்பா பாத்தும் பதில் போடல்ல எண்டு நினைச்சிருப்பாய். அதுக்குப் புறகு உன்ட ஒண்டும் வரல்ல. என்ன எழுதிரிக்கான் எண்டு அம்மா கேட்டா, சுகமாம் எண்டன். பொய். ஊர்ப் பெட்டிசன் எல்லாம் வாசிச்சுக் குடுத்தவன் பொண்டாட்டிட்ட போன நீட்டி வாசி எண்டு சொல்ல வெக்கம், உள்ள என்ன இரிக்கோ எண்டு பயமும்தான். ஏடு தொடக்கேக்க அரிசியில எழுதுவமே, அப்பிடி ஒவ்வொரு எழுத்தா விரலால தொடையில கீறினா கை அறிஞ்சு சொல்லுது. ஒரு பின்னேரம் முழுக்க கீறி, "அப்பா கோவிக்காதீங்க" மட்டும் வந்திரிக்கி.

கோவமில்ல. மிச்சத்த வாய்ஸ்ல போடு. இரவு 8 மணிக்கு அம்மா நாடகத்துக்கு முன்னால இருந்திடுவா, அப்ப போடு, நான் முத்தத்துல தனியத்தான் இருப்பன்.