கேத்லீனுக்கு ஒரு வரி போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான அயர்லாந்தின் 1916 ஈஸ்டர் எழுச்சி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சுட்டுக் கொல்லப்பட்ட தலைவர்களைப் பற்றி விரிவாக எழுதியவர், கேத்லீன் கிளார்க்கை மட்டும் ‘டாம் கிளார்க்கின் மனைவி’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கணவர் போன பிறகு 56 ஆண்டுகள் வாழ்ந்து, கடைசிவரை குடியரசுக் கொள்கையை விடாத பெண்மணி அவர்.

முதலில் ஒன்று. அரசியல் அவருக்குக் கல்யாணத்தோடு வந்ததல்ல. லிமெரிக் நகரத்தின் டேலி குடும்பத்தில் 1878இல் பிறந்தவர். அப்பாவின் சகோதரர் ஜான் டேலி, அயர்லாந்தில் குடியரசு கேட்டுப் போராடிய ஃபீனியன் இயக்கத்துக்காக இங்கிலாந்துச் சிறைகளில் கிடந்தவர். சிறையில் அவருடைய தோழர்தான் டாம் கிளார்க். கேத்லீன் அப்போதே சொந்தமாகத் தையல் தொழில் நடத்தி வந்தார். டாமுக்கு அவரைவிட 20 வயது அதிகம். 15 ஆண்டுச் சிறைவாசம் வேறு. வீட்டில் தயங்கினார்கள். கேத்லீன் கேட்கவில்லை, 1901இல் நியூயார்க் போய் அவரையே மணந்துகொண்டார்.

1916 மே 3 அதிகாலையில் கணவரைச் சுட்டார்கள். மறுநாள் தம்பி நெட் டேலியை. இருவரிடமும் அடுத்தடுத்த இரவுகளில் கில்மைன்ஹாம் சிறைக்குப் போய் விடைபெற்றார். வயிற்றில் குழந்தை இருப்பதைக் கணவரிடம் சொல்லாமலே திரும்பினார். அந்தக் குழந்தையும் தங்கவில்லை. பெரும்பாலோர் கேத்லீன் கதையை இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கண்ணீர் வருகிறதல்லவா, அது போதும் அவர்களுக்கு!

ஆனால் எழுச்சிக்கு முன்பே, தலைவர்கள் மாண்டுபோனால் வேலையைத் தொடர வேண்டியவர் என்று எழுச்சியைத் திட்டமிட்ட ரகசிய அமைப்பு தேர்ந்தெடுத்து, தொடர்புகளையும் பணத்தையும் ஒப்படைத்தது இவரிடம்தான். அதனால்தான் அவர் துப்பாக்கியோடு களத்தில் நிற்கவில்லை. துக்கம் ஆறுமுன்பே, மாண்டவர்கள், சிறைப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு உதவ நிதி திரட்டினார். 1917இல் அந்த நிதியின் செயலாளராக அவர் அமர்த்திய இளைஞர் மைக்கேல் காலின்ஸ், பின்னாளில் விடுதலைப் போரின் முக்கியத் தலைவர். காலின்ஸ் பிறகு கட்டிய ரகசிய வலைப்பின்னலுக்கு முதல் இழைகள் கேத்லீன் கையிலிருந்து போனவை.

1918இல் லண்டன் ஹாலோவே சிறை. 1921இல் அயர்லாந்து நாடாளுமன்ற உறுப்பினர். முழுக் குடியரசு தராத, காலின்ஸ் கையெழுத்திட்ட இங்கிலாந்துடனான ஒப்பந்தத்தை எதிர்த்து வாக்களித்தார். (அந்த விஷயத்தில் எனக்கு காலின்ஸ் பக்கமே சாய்வு. அதனால் இவர்மேல் உள்ள மதிப்பு குறையவில்லை.)

என்னை மிகவும் கவர்ந்தது 1935. ஃபியானா ஃபாயில் கட்சியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர், அக்கட்சியின் செனட்டர். சில தொழில்களில் பெண்களுக்கு வேலை தருவதைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ அமைச்சருக்கு அதிகாரம் தரும் மசோதாவைக் கொண்டுவந்தது சொந்தக் கட்சி அரசுதான். அமைச்சர் ஷான் லெமாஸ், 1916இல் சண்டையிட்ட பையன்களில் ஒருவர். கேத்லீன் எழுந்து அந்தப் பிரிவை எதிர்த்தார். ஆதாரமாகக் காட்டியது எதை? எல்லாக் குடிமக்களுக்கும் சம உரிமை என்று சொன்ன, எழுச்சியின்போது வெளியிட்ட 1916 குடியரசுப் பிரகடனத்தை. அதில் முதல் கையெழுத்து அவருடைய கணவருடையது! சட்டம் நிறைவேறத்தான் செய்தது. 1937 அரசியலமைப்பு பெண்ணின் இடம் வீடு என்ற பாணியில் எழுதியபோதும் அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை.

1939இல் டப்ளின் நகரத்தின் முதல் பெண் மேயரானார். மேயர் மாளிகைச் சுவரிலிருந்த பிரிட்டிஷ் முடியரசர் படங்களை இறக்கச் சொன்னார். மூன்றாம் வில்லியம் மன்னர் தந்த பதவிச் சங்கிலியை அணிய மறுத்தார். பிறகு கட்சியையே விட்டு விலகி, 70 வயதை நெருங்கும்போது 1948 தேர்தலில் வேறு கட்சி சார்பில் நின்று தோற்றார். 1972இல் 94 வயதில் மறைந்தபோது அரசு மரியாதை கொடுத்தார்கள். தன் கதையை அவரே எழுதி வைத்திருந்தார். அது அச்சேறியது 1991இல்தான்.

ஈஸ்டர் எழுச்சி பற்றி மீண்டும் எழுதும் உத்தேசம் இருந்தால், கேத்லீனுக்கும் அவரோடு 1935இல் அதே மசோதாவை எதிர்த்துப் பேசிய சக செனட்டர் ஜென்னி வைஸ் பவருக்கும் சேர்த்துத் தனிக் கட்டுரையாகவே வெளியிடுங்கள். இரண்டு பக்கமாவது வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு நெடுநாள் வாசகி,
மன்னார்குடி