தென்னைக்குப் பின்னால் துருவ நட்சத்திரம்

ஆசிரியருக்கு வணக்கம். வானத்தைப் படம் பிடிக்க ஆசைப்படும் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் காசையெல்லாம் தொலைநோக்கியில் கொட்டிவிட்டு, அதைத் தாங்கும் மவுண்டில் மிச்சம் பிடிக்கிறார்கள்; நானும் அப்படித்தான் ஏமாந்தேன். வானம் 4 நிமிடத்துக்கு 1 டிகிரி நகரும், கூடவே திரும்பும் ஈக்குவடோரியல் மவுண்ட் இல்லாவிட்டால் நட்சத்திரம் புள்ளியாக விழாமல் கோடாக இழுத்துவிடும். சரி, வானம் துருவ நட்சத்திரத்தைச் சுற்றுவதுபோல் தெரிவதால், மவுண்டின் அச்சை அந்தப் பக்கம் திருப்ப வேண்டுமே! நாகர்கோவிலில் அது தொடுவானத்துக்கு மேல் சுமார் 8 டிகிரிதான், எங்கள் வீட்டில் தென்னை ஓலைக்குப் பின்னால். சில மவுண்டுகளின் அச்சு அவ்வளவு கீழே இறங்காது, இறங்கினாலும் தொலைநோக்கிக்குச் சமமாக எடை மாட்டும் எடைக்கம்பி முக்காலியின் காலில் முட்டும், கேட்டு வாங்குங்கள். நான் தெற்குப் பக்கத்து இரண்டு கால்களுக்கும் செங்கல் வைத்து, மவுண்டை வடக்கே சாய்த்துச் சமாளிக்கிறேன். உங்கள் அறிவியல் பக்கத்தில் இதை விரிவாக எழுதினால் என்ன?

ஒரு வாசகர், நாகர்கோவில்