பிரேசில் மாணவருக்கு முதல் ஆங்கிலப் பாடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் இருந்தபடியே இணையவழியில் வெளிநாட்டவருக்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி தரும் வேலையில் நம் பட்டதாரிகள் பலர் இறங்கியிருக்கிறார்கள். அவர்களிடம் வரும் மாணவர்களில் பிரேசில்காரர்களும் உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுதிய ‘மை நேம் இஸ்’ பாடத்தையே அவர்களிடமும் ஒப்பிக்கச் சொல்வதால் பயனில்லை. போர்த்துகீசியம் பேசுகிற அவர்கள் தடுக்கி விழும் இடங்கள் வேறு. அவற்றைத் தெரிந்துகொண்டு பாடம் எடுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதம்.

வணக்கம் சொல்வதிலேயே சிக்கல் தொடங்கிவிடும். ‘போவா நோய்ச்சி’ என்ற இரவு வணக்கத்தை அவர்கள் இருட்டிய பிறகு சந்திக்கும்போதும் சொல்வார்கள், விடைபெறும்போதும் சொல்வார்கள். அதனால் இரவு வகுப்புக்குள் நுழைந்ததும் ‘குட் நைட்’ என்பார்கள். விளக்கிச் சொல்வதைவிட, கேமராவை அணைத்து அணைத்துப் போடச் சொல்லுங்கள். போட்டதும் ‘குட் ஈவினிங்’, அணைக்கும் முன் ‘குட் நைட்’. ஐந்து முறை செய்தால் வாய்க்குப் பழகிவிடும்.

அடுத்தது ‘கொன்யெசேர்’ என்ற வினைச்சொல். ஒருவரை முதன்முதலாகச் சந்திப்பது, ஒருவரை அறிந்திருப்பது, ஓர் ஊருக்குப் போய்ப் பார்த்திருப்பது ஆகிய மூன்றுக்கும் அந்த ஒரே சொல்தான். ‘ஐ நியூ மை வைஃப் இன் 2015’ என்றால் மனைவியை அந்த ஆண்டு சந்தித்தேன் என்று பொருள். ‘ஐ நோ பாரிஸ்’ என்றால் பாரிஸுக்குப் போயிருக்கிறேன் என்று பொருள். முதல் சந்திப்புக்கு ‘மெட்’, போன ஊருக்கு ‘ஐ ஹேவ் பீன் டு’ என்று இரண்டையும் அறிமுகப் பாடத்திலேயே பிரித்துக் காட்டிவிட வேண்டும். ‘பேரன்ட்ஸ்’ என்ற சொல்லிலும் கவனம் தேவை. ‘பரேன்ச்சிஸ்’ என்றால் அவர்களுக்கு உறவினர்கள். ‘எனக்கு இருபது பேரன்ட்ஸ்’ என்று ஒருவர் சொன்னால் சித்தப்பா, மாமா, அத்தை எல்லாரையும் சேர்த்துச் சொல்கிறார். ‘காலேஜ்’ என்று அவர் சொல்வது பள்ளிக்கூடமாகவும் இருக்கலாம்.

உச்சரிப்பில்தான் தமிழ் ஆசிரியருக்கு ஒரு வசதி இருக்கிறது. தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது. அதனால் நம் வாயில் ‘புக்’ என்பது ‘புக்கு’ ஆகும், ‘பஸ்’ என்பது ‘பஸ்ஸு’ ஆகும். பிரேசில் பேச்சிலும் அதே தடை உண்டு. நாம் உகரம் சேர்க்கிற இடத்தில் அவர்கள் இகரம் சேர்ப்பார்கள், அவ்வளவுதான். ஃபேஸ்புக் அங்கே ‘ஃபேஸ்புக்கி’. ஸகரத்தை முதலாகக் கொண்ட மெய்க்கூட்டத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் இகரம் போட்டு நம் கிராமத்துப் பெரியவர்கள் ‘இஸ்கூல்’ என்பதுபோல அவர்களும் ‘இஸ்கூல்’ என்பார்கள்.

‘நைஸ் டு மீட் யூ’ என்ற வாக்கியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘மீட்’ என்பதோடு இகரம் ஒட்டியதும் ‘மீச்சி’ ஆகிவிடும். அவர்கள் மொழியில் இகரத்துக்கு முன்வரும் டகரம் சகரமாக ஒலிப்பதே காரணம். ‘மீட்’ என்று தனியாக நூறு முறை சொல்லவைத்தாலும் இது சரியாகாது. அடுத்த சொல்லோடு சேர்த்து ‘மீச்யூ’ என்று ஒரே மூச்சில் சொல்லவையுங்கள். இயல்பாகப் பேசும் ஆங்கிலத்திலும் அது அப்படித்தான் ஒலிக்கிறது. ‘மை நேம் இஸ்’ என்பதிலும் இதே முறைதான். சொல்லிறுதி மகரத்தில் உதடு மூடாமல் மூக்கொலியாக விட்டுவிடுவது அவர்கள் வழக்கம். ‘நே-மிஸ்’ என்று சேர்த்துச் சொன்னால் உதடு தானாக மூடிக்கொள்ளும். சொல்லின் தொடக்கத்தில் வரும் ரகரம் ஹகரமாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். ‘ஹெனாட்டா’ என்று காதில் விழுந்த பெயர் எழுத்தில் ரெனாட்டாவாக இருக்கும்.

நம் காது ஏமாறும் இடங்களும் உண்டு. ‘டூ யூ ஸ்பீக் இங்கிலீஷ்?’ என்று கேட்டால் ‘ஸ்பீக்’ என்று பதில் வரும். போர்த்துகீசியத்தில் ‘ஃபாலு’ (பேசுகிறேன்) என்று வினையைத் திருப்பிச் சொல்வதே ஆமாம் என்பதற்கு வழக்கமான பதில். ‘பேசுவீர்களா?’ என்றால் நாமும் ‘பேசுவேன்’ என்கிறோம் அல்லவா? இரு மொழியிலும் வினைமுற்றுக்குள்ளேயே எழுவாய் அடங்கிவிடுகிறது. அதனால் ‘இஸ் ரெய்னிங்’, ‘இஸ் குட்’ என்று எழுவாய் இல்லாமல் வரும் வாக்கியங்கள் நமக்கு உறுத்துவதில்லை. ‘ஐயம் டீச்சர்’ என்பதில் விட்டுப்போன ‘எ’ என்ற குறிச்சொல்லும் அப்படியே. வகுப்பைப் பதிவு செய்து பிறகு ஒருமுறை கேட்பது இதற்காகவே அவசியம். வயதை ‘ஐ ஹேவ் 25 இயர்ஸ்’ என்று சொல்வது மட்டும் உடனே காதில் படும். ‘ஐயம் 25’ என்று திருத்திவிட்டால் போதும்.

பெயரையும் எண்ணையும் எழுத்து எழுத்தாகச் சொல்லவைப்பதற்குக் குறைந்தது பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஆங்கிலத்தில் ‘ஏ, ஈ, ஐ’ என்று நாம் சொல்லும் மூன்று உயிரெழுத்துகளை அவர்கள் ‘ஆ, ஏ, ஈ’ என்பார்கள். மாணவர் ‘ஈ’ என்று சொல்ல, நாம் வேறோர் எழுத்தைத் தட்டச்சு செய்ய, மின்னஞ்சல் அவருக்குப் போய்ச் சேராது. தொலைபேசி எண்ணில் ஆறை பிரேசிலில் ‘மேயா’ என்பார்கள். அரை டஜன் என்பதன் சுருக்கம் அது. ‘ஹாஃப்’ என்று அவர் சொன்னால் ஆறு என்று பொருள். எண்ணை நாம் திருப்பிச் சொல்ல, அவர் சரிபார்க்கட்டும்.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரே அறிமுகத்தை மூன்று முறை சொல்லச் சொல்லுங்கள். முதலில் 90 வினாடி, அடுத்து 60, கடைசியில் 45. மாணவர் ஒருவர்தான் என்றால் ஒவ்வொரு முறையும் நீங்கள் வேறு ஆளாக மாறுங்கள்: விடுதி வரவேற்பாளர், நேர்காணல் எடுப்பவர், பக்கத்து இருக்கைப் பயணி. விஷயம் மாறாமல் நேரம் மட்டும் குறைவதால், மனதுக்குள் மொழிபெயர்த்துப் பேச அவகாசம் இருக்காது. சொற்கள் தொடர்களாகவே வரத் தொடங்கும். நடுவில் குறுக்கிட வேண்டாம். குறுக்கிட்டால் மனப்பாடம் செய்த பத்திக்கே திரும்பிவிடுவார். சுற்று முடிந்ததும் இரண்டு பிழைகளை மட்டும் திருத்துங்கள். ‘யூ லிவ் இன் சென்னை?’ என்று ‘டூ’ இல்லாமல் குரலை உயர்த்திக் கேட்டால் முதல் வாரம் விட்டுவிடலாம், பொருள் புரிகிறது. கேள்வியே கேட்காமல் பதில் மட்டும் சொல்லி நிறுத்துவதை விடக்கூடாது. ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் எதிராளியிடம் ஒரு கேள்வி வந்தாக வேண்டும்.

பேச்சு நின்றுபோனால் உங்கள் அறையைக் காட்டுங்கள். ஜன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாம் போர்த்துகீசியர் நமக்குத் தந்த சொற்கள். ‘இதற்குத் தமிழில் ஜன்னல்’ என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், அவர் ‘ஜனேலா!’ என்று வியந்து தானாகவே கேள்வி கேட்கத் தொடங்குவார்.

அடுத்த வகுப்புக்கு நேரம் குறிப்பதையும் ஆங்கிலத்திலேயே செய்யுங்கள். சாவோ பாவ்லோவில் காலை 7 மணி என்றால் நமக்குப் பிற்பகல் 3.30. பிரேசில் 2019-இல் கோடைக்கால நேர மாற்றத்தைக் கைவிட்டதால் இந்த வித்தியாசம் ஆண்டு முழுவதும் மாறாது. பிரேசிலின் மேற்கே உள்ள மனாவுஸ் போன்ற நகரத்தவருக்கு இன்னும் ஒரு மணி நேரம் கூடும். கிழமையில் கவனம் வேண்டும். அவர்கள் மொழியில் திங்கள் ‘இரண்டாவது’, செவ்வாய் ‘மூன்றாவது’, வியாழன் ‘ஐந்தாவது’ என்று எண்ணாலேயே அழைக்கப்படும். போதாததற்கு ‘டியூஸ்டே’, ‘தர்ஸ்டே’ இரண்டும் அவர்கள் வாயில் குழம்பும். கிழமையோடு தேதியையும் அவர் வாயாலேயே சொல்லவைத்து எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி ஆசிரியர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.