கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டுகிறவர்கள் கவனத்துக்கு

அன்பு உறவுகளுக்கு வணக்கம். ரங்கூனில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் இந்த வருஷம் பழைய மூங்கில் ஸ்டாரையே கட்டுவோம், உள்ளே மட்டும் பேட்டரி எல்.இ.டி. போடுவோம்.

மூங்கிலை விரல் அகலத்துக்குச் சீவி, ஐமுனைச் சட்டம் இரண்டு செய்து, ஒன்றின் மேல் ஒன்று வைத்து முனைகளை நூலால் இறுக்குங்கள். நடுவில் குச்சிகள் கொடுத்தால் வயிறு உப்பி நிற்கும். காகிதம் ஒட்ட மைதாப் பசை போதும். குண்டு பல்பு மட்டும் வேண்டவே வேண்டாம். நான் ஒரு வருஷம் போட்டுவிட்டு நள்ளிரவுத் திருப்பலிக்குப் போய்த் திரும்பினால், காகிதம் கருகித் தொங்கியது. அம்மா இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

இயேசு பிறப்பைக் காட்டும் குடிலுக்குப் புதுப் பொம்மை வாங்க முடியவில்லையே என்று கவலை வேண்டாம். 1223-இல் இத்தாலியின் கிரெச்சோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் வைக்கோலும், உயிருள்ள மாடும் கழுதையும்தான். நம் குடிலின் பின்பக்கம், பத்தேன் ஊரில் செய்யும் சின்னப் பூப்போட்ட குடை ஒன்றை விரித்து, அதற்குப் பின்னால் விளக்கு வையுங்கள். குடைப் பூக்கள் தனியே தெரியும்.

மூங்கில் மொத்தமாக வாங்குகிறோம். எத்தனை ஸ்டாருக்கு வேண்டும் என்று ஞாயிறுக்குள் இங்கே போடுங்கள். சீவ ஆள் கிடையாது, கத்தி நீங்களே கொண்டுவர வேண்டும்.